சீரகச் சம்பாவும் குட்டை ரகமும்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, சம்பாவுக்குக் கவலையில்லை. வாசனை நெல்லான சீரகச் சம்பாவை, ஆடுதுறை 43 என்ற குட்டை ரகத்துடன் கிராஸ் (கலப்பு) செய்யப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல ஜோடிதான். பயிர் தரையில் சாய்வது போக வேண்டும், வாசனை நிற்க வேண்டும், அவ்வளவுதானே?

சீரகச் சம்பாவையே தாயாக வை. 43-இன் மகரந்தத்தைத் தூவுவதற்கு முதல் நாள் மாலை பூவின் நுனியை வெட்டி, ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு உறை போடு. 43 குறைந்த வயதுக்காரன். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதைத்தால்தான் பூக்கும் நேரம் ஒத்துவரும். வாசனை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால் முதல் தலைமுறைச் செடியின் இலை மணக்கக் கூடாது. மணந்தால் அது கிராஸே இல்லை, தாய் தன் மகரந்தத்திலேயே பிடித்த விதை. பிடுங்கிப் போடு.

இரண்டாம் தலைமுறையில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். வாசனை எட்டாவது குரோமோசோமில், குட்டைத் தன்மை ஒன்றாவதில். இரண்டும் ஒடுங்கு பண்பு, தனித்தனியாகப் பிரியும். ஆக, பதினாறில் ஒரு செடிதான் குட்டையாகவும் வாசனையாகவும் வரும். 400 செடி நட்டால் 25 தேறும். 100 நட்டால் ஆறு. அந்த ஆறில் மகசூலைத் தேடுவது வீண் வேலை.

வாசனைச் சோதனை எளிது. 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 10 மில்லியில் 2 கிராம் இலையை நறுக்கிப் போட்டு மூடு, பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பார். உன் மூக்கு சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வரிசையிலும் சீரகச் சம்பா ஒன்று, 43 ஒன்று பெயர் மறைத்து வை. நாலைந்து மாதிரிக்குமேல் மூக்கு மழுங்கிவிடும். வெளியே போய் வா. இலையில் மணந்த செடி வாசனைக்கு நிலைத்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தக் கவலை வேண்டாம்.

மகசூலை ஐந்தாறு தலைமுறை கழித்து அள. ஒவ்வொரு வரிசையையும் மூன்று இடத்தில் நடு, ஓரச் செடிகளை விட்டு அறு, எடையை 14 சதவீத ஈரத்துக்கு மாற்று. ஆனால் மூட்டைக் கணக்கை மட்டும் நம்பாதே. 2,400 கிலோ நெல்லில் முழு அரிசி 45 சதவீதம் என்றால் 1,080 கிலோ. 1,900 கிலோவில் 60 சதவீதம் என்றால் 1,140. குருணையைப் பிரியாணிக்கு யார் வாங்குவார்? நெல் 20–22 சதவீத ஈரத்தில் இருக்கும்போதே அறுத்து நிழலில் உலர்த்து. காய்ந்து வெடித்த பிறகு அறுத்தால் எந்த ரகமும் ஆலையில் நொறுங்கும், நீ ரகத்தைக் குறை சொல்வாய். வெயிலில் காயவைத்தால் வாசனையும் பறக்கும்.

வேகும் தன்மையைப் பார்க்க, அதே 1.7 சதவீதக் கரைசலில் தீட்டிய அரிசி மணி ஆறை 30 டிகிரியில் 23 மணி நேரம் ஊறவிடு. முழுதாகக் கரைந்தால் சீக்கிரம் வேகும் அரிசி. அசையாமல் கிடந்தால் வேக நேரமாகும். இரண்டுக்கும் நடுவே, ஓரளவு விரிவதே உனக்குத் தேவை. அமைலோஸ் என்ற மாவுச்சத்து 20–25 சதவீதம் இருந்தால் உதிரியாகவும் மெத்தென்றும் இருக்கும். சமைத்துப் பார்ப்பதை மட்டும் மூன்று மாதம் பழகிய அரிசியில் செய். புது அரிசி எல்லாமே குழையும்.

கோடைப் பட்டத்தில் தேர்வு வேண்டாம். பால் பிடிக்கும்போது குளிர்ச்சி இருந்தால்தான் வாசனை ஏறும். மார்கழியில் கதிர் முற்றுகிற மாதிரி விதை.

43-இன் விதை நாளை முடிவு செய்ததும் எழுது.

அன்புடன்,
அழகப்பன்