பெல்ட்டுக்கு மேலே இருக்கும் வயிற்றை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்பது வயதில் தொப்பை போட்டால் சர்க்கரை வரும், மாரடைப்பு வரும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எழுபதில் ஞாபகமும் போகலாம் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 74 வயது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே 'எனக்கு இன்னும் காபி தரலையே' என்கிறார். நாற்பதுகளில் அவர் பேன்ட் சைஸ் 36ஐத் தாண்டியதே இல்லை. பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு 'நான் அப்படியேதான் இருக்கேன்' என்பார், நாங்களும் நம்பினோம். அந்தத் தொப்பையால்தான் இது வந்தது என்று எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் 1964 முதல் 1973 வரை, 40-45 வயதில் பரிசோதனை செய்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்போது உடல் பருமனாக இருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 74 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றி, மூளைக்குள் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுப்பது இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் நடக்கிற வேலை.

அப்புறம் இன்னொன்று. அப்பா நான்கைந்து வருடமாக இளைத்துக்கொண்டே வந்தார், 'பரவாயில்லையே, தொப்பை கரைஞ்சிடுச்சு' என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். மறதி நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல வருடம் முன்பே எடை இறங்கத் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. லண்டன் அரசு ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வில் சுமார் 8 வருடம் முன்பே இறங்கியிருக்கிறது. தயவுசெய்து வயதானவர்களைப் பட்டினி போடாதீர்கள், காரணமில்லாமல் இளைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். குறைக்க வேண்டியது நாற்பதிலும் ஐம்பதிலும்.

நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். அரசின் தொற்றா நோய்ப் படிவத்தில், 30 வயது தாண்டியவர்களுக்கு இது ஏற்கெனவே ஒரு கேள்வியாக இருக்கிறது. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்கள் டேப்பை விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வைத்து அளந்து, அந்த அளவைச் சொல்லும்போதே மறதி நோயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை என்றால் 'மாத்திரை போட்டுக்கலாம்' என்று நகர்ந்துவிடுகிறவர்கள், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோகலாம் என்றால் நின்று கேட்பார்கள்.

எனக்கு 46 வயது. போன வாரம் அளந்தேன், 97 செ.மீ. ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தினமும் நடக்கத் தொடங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்