கயலுக்கு

கிளீவ்லாண்ட், 6-1-2025

அன்புள்ள கயலுக்கு,

அம்மாவும் நானும் நலம். ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டுகிறது. காருக்கு டயர் மாற்றினாயா? நவம்பரில் வந்தபோதே பார்த்தேன், பின் டயர் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. டொலிடோ தாண்டினால் சாலை வழுக்கும்.

வியாழக்கிழமை தீர்ப்பைப் படித்தேன். எல்லா இணையதளங்களையும் இணைய நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதுதானே இணைய நடுநிலை. தகவல்தொடர்பு ஆணையம் 2024-இல் திரும்பக் கொண்டுவந்த அந்த விதிகளை சின்சினாட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நீ அழைப்பாய் என்று போனைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தேன். அழைக்கவில்லை. வேலை இருந்திருக்கும்.

2015 பிப்ரவரியில் ஆணையம் 3க்கு 2 வாக்கில் அந்த விதிகளை முதலில் கொண்டுவந்தபோது விடுதியிலிருந்து கூப்பிட்டுக் கத்தினாயே! "காசு கொடுக்கும் தளத்துக்குத் தனிப்பாதை என்றால் கறுப்பின மக்களின் குரல் எந்தச் சந்தில் போகும் அப்பா? பெர்குசனில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞனைச் சுட்டதைக் கைப்பேசிகள்தானே ஊருக்குச் சொல்லின?" என்றாய். நான் முதலீடு, லாபம் என்று பாடம் நடத்தினேன். 2017-இல் அஜித் பாய் ஆணையத் தலைவரானதும் 'நம்மவர் பிள்ளை' என்று அலுவலகத்தில் லட்டு கொடுத்தவன் நான். அந்த டிசம்பரிலேயே அவர் தலைமையில் விதிகள் போயின. லட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

சட்டம் படித்துவிட்டு இந்தச் சம்பளத்துக்கா என்று பெரியப்பா கேட்டார். அவர் மகனைப் பற்றி நான் ஏதோ சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே. டயருக்குப் பணம் வேண்டுமென்றால் மட்டும் வாய் திறந்து கேள். அதற்கும் உனக்கு ரோஷம்.

நவம்பரில் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் கிளீவ்லாண்ட் வரைபடத்தை விரித்து, "அப்பா, அப்போது நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள்?" என்று கேட்டாய். ரசத்தைச் சூடு பண்ணுகிறேன் என்று எழுந்து போனேன். ரசம் சூடாகத்தான் இருந்தது.

தொலைபேசி நிறுவனத்தில், இணைய இணைப்பு வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். கண்ணாடி இழையைத் தெருவோரப் பெட்டி வரை கொண்டுபோனால்தான், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் பழைய செம்புக் கம்பி வேகம் கொடுக்கும். பெட்டி தள்ளிப் போகப் போக வேகம் செத்துவிடும். எந்தத் தெருவுக்குப் பெட்டி என்று வரைபடத் தாளில் பச்சை அடித்தவன் நான். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஹஃப், கிளென்வில் பக்கம் அநேகமாக வெள்ளையாகவே விட்டேன். இனம் என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் கிடையாது. 'எதிர்பார்க்கும் வருமானம்' என்று இருந்தது. 1930-களில் வீட்டுக்கடனுக்கு ஆகாது என்று வரைபடத்தில் சிவப்பு அடித்த தெருக்களும் அவற்றில் உண்டு. நாம் வீடு பார்த்தபோது தரகர் 'அந்தப் பக்கம் வேண்டாம்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன பக்கம். எனக்குத் தெரியாது என்று இனிச் சொல்ல மாட்டேன்.

2020-இல், பள்ளிகள் மூடியிருந்த சமயம், ஒரு மாலை நூலகம் வழியாக வந்தேன். அதுவும் பூட்டிக் கிடந்தது. வெளியே நின்ற காரின் பின் இருக்கையில் ஒரு சிறுவன், ஒன்பது வயது இருக்கும், தொடையில் கணினி. சுவர் தாண்டி வரும் வைஃபையில் வீட்டுப்பாடம். தொடர்பு அறுந்தபோதெல்லாம் கணினியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். முன் இருக்கையில் அவன் தாய் மருத்துவமனைச் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு நீ அழைத்தாய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

பழைய தாள்கள் என்னிடம் இல்லை. நினைவிலிருந்து தெருத் தெருவாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கிழக்கு 79-ஆம் தெருவுக்கு அப்பால் இரண்டு இடங்களில் சந்தேகம். அவற்றைப் பென்சிலால் போட்டிருக்கிறேன். யார் அடித்த பச்சை என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

பொங்கலுக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறாள். டயர் மாற்றாமல் கிளம்பாதே.

அப்பா