ரசீதில் அந்தக் கடைசி எழுத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி, கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே புகாரைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: "ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரலை." தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மதர்போர்டிலிருந்தே மானிட்டருக்கு ஒயர் போகும் சாதாரண டெஸ்க்டாப்கள் இவை. "போர்டு போயிடுச்சு" என்ற ஒற்றை வார்த்தையை நம்பிப் புது போர்டோ, தேவையில்லாத கிராபிக்ஸ் கார்டோ வாங்கியவர்கள் பலர். உண்மையில் இதில் நிறைய கோளாறு காசு செலவில்லாமலே தீரும். உங்கள் வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறோம். விற்பவர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது: பிராசஸர் எண்ணின் கடைசி எழுத்தையும் ரசீதில் எழுதித் தாருங்கள்.

முதலில் மானிட்டர். திரையில் "நோ சிக்னல்" என்று வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. அதன் மெனுவில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒயர் எச்டிஎம்ஐயில், தேர்வு விஜிஏவில் என்று இருந்தால் படம் வராது. விஜிஏ ஒயரின் முனையில் மூன்று வரிசையாக 15 பின்கள் இருக்கும். பல ஒயர்களில் நடுவரிசையில் ஒரு பின் தயாரிப்பிலேயே இருக்காது, அது கோளாறில்லை. வளைந்த பின்தான் கோளாறு. எச்டிஎம்ஐயை விஜிஏவாக்க வெறும் ஒயர் போதாது. ஒன்று டிஜிட்டல், மற்றது அனலாக் என்பதால் உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் வேலை செய்யும்.

அடுத்து காபினட்டின் பின்பக்கம். மேலே யுஎஸ்பி, லேன் சாக்கெட்டுகளோடு இருப்பது போர்டின் டிஸ்ப்ளே சாக்கெட். கீழே படுக்கைவசத் தகட்டில் தனியாக இன்னொன்று இருந்தால், உள்ளே கார்டு இருக்கிறது என்று அர்த்தம். கார்டு செருகியிருக்கும்போது பல போர்டுகள், கார்டு இல்லாமலே படம் தரும் ஆன்போர்டு கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். ஒயர் மேலே இருந்தால் கீழே மாற்றுங்கள், அல்லது கார்டைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

இப்போது கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால், பெரும்பாலும் தொடக்கத்திலேயே எங்கோ நின்றுவிட்டது.

அப்படி நிற்கும்போது முதல் சந்தேகம் ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) மீதுதான் விழவேண்டும். ஆன்போர்டு கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ராமிலிருந்துதான் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ராம் சரியாக இருக்கிறது என்று பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) உறுதி செய்யும்வரை திரைக்கு எதுவும் போகாது. எனவே ராமின் கோளாறு பார்ப்பவருக்கு டிஸ்ப்ளே கோளாறாகவே தெரியும். இரண்டு மாதம் பூட்டிய அறையில், ஈரக்காற்றில் கிடந்த பழைய எச்61, எச்81 போர்டு செட்களில் இது மிகச் சாதாரணம்.

பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். காபினட்டின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கொக்கிகளையும் தள்ளி ராமை எடுங்கள். அடிவிளிம்பில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நல்ல பட்டை பளிச்சென்றும் கறுத்த பட்டை புகை படிந்தது போலவும் தெரியும். பென்சில் அழிக்கும் மெல்லிய ரப்பரால் ஒரே திசையில் இருபக்கமும் மெதுவாகத் தேயுங்கள். துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப்பூச்சே உரிந்துவிடும். ஸ்லாட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் இறங்கும். திரும்பப் போடும்போது ஒரே ஒரு ராமைப் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டாக இருந்தால் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில். "டக்" என்று கொக்கி விழவேண்டும். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் பலன் இல்லை.

அதன்பிறகும் வரவில்லையா? போர்டில் "ஸ்பீக்கர்" என்று அச்சிட்ட நான்கு பின் இடம் உண்டு. விரல் நுனியளவு பஸ்ஸர் ஒன்றை அங்கே செருகி, ராம் அனைத்தையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் ஒலி தொடர்ந்து வந்தால் பிராசஸரும் போர்டும் பேசிக்கொள்கின்றன; இந்த போர்டைச் செத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. பஸ்ஸர் இருந்தும் ஒலியே இல்லை என்றால், பிராசஸர் அருகே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை பெட்டி) வரும் 4 பின் அல்லது 8 பின் 12 வோல்ட் இணைப்பைப் பாருங்கள். அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், படம் வராது. புதிய போர்டுகள் பலவற்றில் பஸ்ஸருக்குப் பதிலாக சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

பழைய கார்டைக் கழற்றிய பிறகு படம் வராத செட்களில் பயாஸ் அமைப்பு இன்னும் அந்தக் கார்டையே தேடலாம். சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்தால் அமைப்பு பழையபடி ஆகும். புது பேட்டரி 3 வோல்ட் காட்டும், மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். முதல் தடவை கிளம்ப நேரமாகும். டிடிஆர்5 போர்டுகளில் சில நிமிடங்கள்கூட ஆகலாம், பொறுமையிழந்து பட்டனை அழுத்த வேண்டாம். கம்பெனி லோகோ வந்து, விண்டோஸ் ஏறும்போது கறுத்தால் அது கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரின் சங்கதி. சேஃப் மோடில் போய் டிரைவரை நீக்கி மறுபடி போடவேண்டும்.

இத்தனையும் செய்தும் படம் வராத ஒரு வகை இருக்கிறது. அதில் பழுதே கிடையாது. இன்டெல் ஐ5-12400 பிராசஸருக்குள்ளேயே படம் தரும் கிராபிக்ஸ் உண்டு. ஐ5-12400எஃப் என்றால் கிடையாது. ஐ3-10100, 10100எஃப் இரண்டுக்கும் இதே வேறுபாடுதான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600ஜி படம் தரும், 5600 தராது. 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் வந்துவிட்டது, ஆனாலும் 7500எஃப் விதிவிலக்கு. போர்டில் எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கிறதே என்று கேட்பார்கள். சாக்கெட் போர்டுடையது, படம் பிராசஸருடையது. ராமைத் தேய்த்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அந்த சாக்கெட்டில் எதுவும் வராது. கார்டு பழுதாகி வெளியே எடுத்த அன்றுதான் வாங்கியவருக்கு இது தெரியவருகிறது.

எஃப் வகைப் பிராசஸரின் பெட்டியில் தனி கிராபிக்ஸ் தேவை என்று இன்டெல் அச்சிட்டே தருகிறது. ஆனால் அசெம்பிள் செய்து விற்கும் செட்டில் அந்தப் பெட்டியை வாங்குபவர் பார்ப்பதில்லை. பிராசஸரின் மேல்தகட்டில் பொறித்த எண்ணோ ஹீட் சிங்க்குக்கும் பேஸ்ட்டுக்கும் அடியில் மறைந்துவிடுகிறது. திரையே வராதபோது விண்டோஸில் பார்க்கவும் வழியில்லை. மிஞ்சுவது ரசீது ஒன்றுதான். அதிலும் "ஐ5, 12த் ஜென்" என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். விற்பனையாளர்கள் முழு எண்ணையும், கடைசியில் எழுத்து இருந்தால் அதையும், போர்டின் மாடலையும் ரசீதில் எழுதித் தரவேண்டும். "போர்டு போச்சு" என்று சொல்லும் சர்வீஸ் கடைக்காரர்கள், ராம் இல்லாமல் பஸ்ஸர் வைத்துச் சோதித்ததை வாடிக்கையாளர் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்டவேண்டும். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் இருக்கும் வாசகர்கள்,
திருச்சி