போகிக்குச் சருகைக் கொளுத்த வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கான வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு ஒரு தந்தை எழுதி அனுப்பியிருந்தார்: "பையனுக்கு வாய்ப்பாடே வரவில்லை, இதில் குருவி எண்ணச் சொல்கிறீர்களே!" நியாயமான கேள்விதான். வாய்ப்பாடும் கொடுத்திருக்கிறோம், தாளின் பின்பக்கம் இருக்கிறது. பையன் அதைக் காட்டவில்லை போலும்.

குருவிக் கணக்குக்குக் காரணம் ஐப்பசியில் வந்த ஒரு விருந்தாளி. மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சாப்பாட்டுக் கூடையை மார்போடு அணைத்தபடி என் அறைக்கு வந்தாள். உள்ளே மைனாவைவிடச் சிறிய பறவை ஒன்று. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, கண்ணுக்கு மை இழுத்தாற்போல் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வாலைத்தான் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு குட்டை. வீட்டுக் கொல்லையில் சுவரோரம் சுருண்டு கிடந்ததாம். பூனைக்குப் பயந்து எடுத்து வந்துவிட்டாள். அட்டைப்பெட்டியில் துளையிட்டு, இருட்டாக மூடி, யாரும் தொடாமல் வைத்தோம். மாலையில் திறந்ததும் விருட்டென்று வேலிப் புதருக்குள் போய்விட்டது.

அது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு வாசலில் விழுந்து கிடப்பதுண்டு. அதன் பிழைப்பு தரையில்தான்: தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். பெருக்கித் துடைத்த கொல்லையில் அதற்கு ஒரு வாய்கூடக் கிடைக்காது.

நாமோ போகியன்று கொல்லையை வழித்துக் கொளுத்துகிறோம். போன வருடம் வரை நானும் செய்தவன்தான். இந்த முறை வேலியோரமாக ஒரு பாய் அகலத்துக்காவது சருகை விட்டுவையுங்கள். சித்திரை வரை பொறுத்தால் போதும். பிறகு அது வடக்கே கிளம்பிவிடும். கூச்சல் போட்டபடி கூட்டமாக வரும் தவிட்டுக்குருவிகளும் செண்பகமும் அதே சருகில்தான் மேய்கின்றன.

பாம்பு வரும் என்பீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால் சருகு வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும். பக்கத்தில் செங்கல்லோ விறகோ அடுக்க வேண்டாம். பிள்ளைகள் அதற்குள் கையை விடக் கூடாது. பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

தண்ணீர் வைப்பவர்கள் அகலமான மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். நடுவில் ஒரு கல் இருந்தால் சிட்டுகள் நின்று குடிக்கும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசுவைத்தான் வளர்ப்போம். தீனியாகக் கம்போ தினையோ கொஞ்சம் போடலாம். மிக்சர், முறுக்கு வேண்டாம். முருங்கை பூத்திருக்கும் வீட்டுக்குத் தேன்சிட்டு அழைக்காமலே வரும். கிளியைக் கூண்டில் வைத்திருக்கும் ஓரிரு வீடுகளை நான் அறிவேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இனி வீட்டுப்பாடம். பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் கணக்கெடுத்து வருகிறார்கள். நம் பிள்ளைகளும் அதே நாட்களில் ஏதாவது ஒரு காலை பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். காகம் மட்டுமே வந்தால் காகம் என்று எழுதட்டும். பெயர் தெரியாத பறவையின் நிறத்தையும் வாலையும் வரைந்து வரட்டும். நீங்கள் பெயர் சொல்லிக் கொடுத்தால் மகிழ்ச்சி, ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் எங்களுக்கும் அது பாடம். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டி எழுத உதவாதீர்கள். மயில் பன்னிரண்டு என்று தெருவுக்குள்ளிருந்து ஒரு தாள் வந்தால் நான் நேரில் வந்து பார்ப்பேன்.

அந்த மாணவியின் பாட்டி இப்போதெல்லாம் கொல்லையின் அந்த மூலையைப் பெருக்குவதில்லையாம். உங்கள் வீட்டில் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்டால், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்து அனுப்புங்கள்.

பொங்கல் நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்