நூலக இணையதளம் எல்லோருக்கும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் பார்வையற்ற ஆய்வு மாணவன். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளம் அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. பார்க்க அழகாக இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை நம்பியிருக்கும் எனக்கோ உள்ளே நுழையவே வழியில்லை. படத்தில் உள்ள கோணல் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. அதற்கு ஒலி வடிவ மாற்று கிடையாது.

அதைவிடப் பெரிய தடை பழைய ஆய்வேடுகள். பல வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டவை. மென்பொருளுக்கு அவை வெற்றுப் பக்கங்கள். எழுத்தாக இருப்பவையும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளன. திரையில் நல்ல தமிழாகத் தெரிபவை என் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழுகின்றன. தமிழில் ஆய்வு செய்பவன் தமிழ் ஆய்வேட்டைப் படிக்க யாராவது வாசித்துக் காட்டும்வரை காத்திருப்பது பெரும் வேதனை.

மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே சொல்லிவிட்டது. அணுகல் தரங்கள் பரிந்துரைகளாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமையைக் காரணம் காட்டவும் இடமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களை எங்களால் படிக்க முடிகிற வடிவத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது.

பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆய்வேடுகளிலிருந்து பணியைத் தொடங்கலாம். இனி இணையதளத்துக்கு ஒப்பந்தம் போடும்போது, திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவர்கள் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே பணம் வழங்கப்படும் என்ற நிபந்தனையைத் துணைவேந்தர்கள் சேர்க்க வேண்டும்.

- ஆய்வு மாணவர் ஒருவர்