ஹார்ட்னர் கொண்டுவரும் இழுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பெயின்டிங் பட்டறையில் ஸ்ப்ரே அடிப்பவருக்கு ராத்திரியில் இருமலும் வீசிங்கும் வந்தால் பனி, தூசி, பீடி என்றுதான் காரணம் தேடுகிறார்கள். பளபளப்புக்காக மேலே அடிக்கும் கிளியர் கோட்டில், அது இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னரை யாரும் சந்தேகிப்பதில்லை. அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல வருடம் கழித்து ஒவ்வாமையாகிவிடும். அப்புறம் துளி பட்டாலே மார்பு இறுகும். பலருக்கு அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு இழுக்கும். அதனால்தான் பட்டறை தப்பித்துக்கொள்கிறது.

"லீவு நாளில் எப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டாலே பாதி விளங்கிவிடும். மீதிக்கு, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சில நூறு ரூபாய் பீக் ஃப்ளோ மீட்டர் போதும். எழுந்ததும், மதியம், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என நாலு வேளை, மும்மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறிக்க வேண்டும். லீவு நாட்களும் சேர்த்து நாலு வாரம். ஞாயிறு 450, புதன் 340 என்று திரும்பத் திரும்ப இறங்கினால் வேலையின் கைவரிசைதான். பலர் சறுக்குவது ஓரிடத்தில்: ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகிறார்கள், எல்லாம் நார்மல் என்று வருகிறது. மூச்சுத்திணறல் கடுமையாக இல்லாதவரை, வேலையில் இருக்கும்போதே அளக்க வேண்டும்.

கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி மாஸ்க்கையும் நம்ப முடியாது. ஆபத்தான அளவில்கூட ஐசோசயனேட்டுக்கு வாசனை கிடையாது, வடிகட்டி தீர்ந்தது மூக்குக்குத் தெரியாது. குழாய் வழியே சுத்தமான காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும். அதைப் போட்டவரும் பளபளப்பைப் பார்க்க முகமூடியைத் தூக்குகிறார், கண்ணுக்குத் தெரியாத மூட்டம் அங்கேயே நிற்கும்போது! தோலில் பட்டாலும் ஒவ்வாமை தொடங்கலாம் என்பதால் கலக்கும்போதும் ஸ்ப்ரே கன் கழுவும்போதும் நைட்ரைல் கையுறை அவசியம். திறந்த ஷெட்டில் பக்கத்தில் பட்டி தேய்க்கும் பையனும் அதே காற்றைத்தான் இழுக்கிறான்.

இன்ஹேலரை வைத்துக்கொண்டே ஸ்ப்ரே அடிப்பது சிகிச்சை ஆகாது. தாமதிக்கத் தாமதிக்க, வேலையை விட்டாலும் ஆஸ்துமா போகாமல் தங்கிவிடலாம். ஒவ்வாமை உறுதியானவரை ஸ்ப்ரேயிலிருந்து முழுதாக மாற்றி டிங்கரிங், ஃபிட்டிங் வேலை தர வேண்டும், அதுவும் மூட்டம் எட்டாத இடத்தில்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் செய்த திருத்தத்திலேயே ஐசோசயனேட் நச்சு, அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டாத, நாலு பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கு அதனால் என்ன பயன்? பெயின்ட் நிறுவனங்கள் ஹார்ட்னர் டப்பாவின் மேல் எச்சரிக்கையைத் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்