குஜராத் டூர் நடத்துபவர்களுக்கு: அகமதாபாத்தின் மரவேலைத் தெருக்களுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து குஜராத் யாத்திரைக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் டூர் அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

துவாரகை, சோமநாதம், ஒற்றுமைச் சிலை, காந்திநகர் அக்ஷர்தாம், சபர்மதி ஆசிரமம். உங்கள் நோட்டீஸ் எதை எடுத்தாலும் இந்த ஐந்தும் இருக்கும். அகமதாபாத் மட்டும் வந்து இறங்கவும் திரும்ப ரயில் ஏறவும் உள்ள ஊராகவே நின்றுவிடுகிறது. இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி, மேற்குக் கரையில் இருக்கும் ஹோட்டலில் விட்டுவிடுகிறீர்கள். காலுப்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில், வீட்டுக்கு வீடு தேக்கில் செதுக்கிய தூணும், மாடியைத் தாங்கும் போதிகையும் கொண்ட பழைய நகரம் இருக்கிறது. உங்கள் பயணத் திட்டத்தில் அந்த நகரத்துக்கு ஒரு காலைப்பொழுது கேட்டுத்தான் இந்த மடல்.

நானும் இப்படி ஒரு டூரில் போனவன்தான். பழைய நகரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, "அங்கே எல்லாம் இடிஞ்ச வீடு சார், பார்க்க ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தது. பிறகு குடும்பத்தோடு தனியாகப் போய் அந்தத் தெருக்களில் நடந்தேன். அந்தப் பதில் எவ்வளவு தவறு என்று அப்போது தெரிந்தது. கூட வந்த அத்தனை பேரும் இதைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்களே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

சுல்தான் அகமது ஷா 1411-இல் உண்டாக்கிய நகரம் இது. 2017-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் நகரம் இதுதான். இங்கே குடியிருப்புகளைப் போள் என்கிறார்கள். ஒரே சமூகத்தாரோ ஒரே தொழில் செய்பவர்களோ சேர்ந்து வாழ்ந்த சந்துகள். முகப்பில் ஒரு பெரிய வாசல், அதன் மேலே காவல்காரருக்கு ஒரு அறை. உள்ளே போனால் சந்து வளைந்து வளைந்து போகும், திடீரென்று ஒரு சிறு சதுக்கம் திறக்கும், நடுவில் பறவைகளுக்குத் தீனி போடும் சபூத்ரோ நிற்கும். தூணின் மேல் ஒரு குட்டி மண்டபம் போல, அதிலும் செதுக்கு வேலை. வீட்டு முன்னால் ஓட்லோ, அதாவது நம் திண்ணை. உள்முற்றத்துக்குக் கீழே மழைநீர் சேர்க்கும் நிலத்தடித் தொட்டி.

இந்த வீடுகளின் உயிர் மரத்தில் இருக்கிறது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் கட்டியவை நிறைய. மரச்சட்டம் எழுப்பி, இடையில் செங்கல் நிரப்பி, சுவருக்குள்ளேயே மர உத்திரங்களை ஓடவிட்டிருக்கிறார்கள். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் இதே நகரத்தில் புதிய அடுக்குமாடிகள் பல இடிந்து உயிர்கள் போயின. மரச்சட்டம் கெட்டியாக இருந்த பழைய வீடுகள் பெரும்பாலும் ஆடிவிட்டு நின்றன. அழகுக்காக மட்டும் நான் வாதாடவில்லை. அதைச் செய்த தச்சர்களுக்கு மரமும் தெரிந்திருந்தது, நிலமும் தெரிந்திருந்தது. அழகும் குறைவில்லை. மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை ஒவ்வொரு போதிகையும் தாங்குகிறது. அதில் கிளி, யானை, கொடி, பூ. ஒரே வரிசையில் அடுத்தடுத்த போதிகைகளை நின்று பாருங்கள், ஒன்றில் கொடி இடப்பக்கம் சுழியும், அடுத்ததில் இலை கொஞ்சம் தடித்திருக்கும். கை வேலை என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

மாநகராட்சி 1997-இலேயே இங்கே பாரம்பரிய நடை ஒன்றைத் தொடங்கிவிட்டது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் காலையில் புறப்பட்டு ஜும்மா மசூதியில் முடியும். மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம். உங்கள் பயணிகள் கோயிலுக்காக வருகிறவர்கள், அவர்களுக்குத் தரிசனம் வேண்டும் என்பீர்கள். சரி, இந்த நடை தரிசனத்தில்தானே தொடங்குகிறது? 1822-இல் எழுந்த அந்தக் கோயில்தான் சுவாமிநாராயண் மரபில் கட்டிய முதல் கோயில். பர்மாத் தேக்கில் செதுக்கி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசிய தூண்களும் வளைவுகளும் நிறைந்தது. அங்கிருந்து குஜராத்திக் கவி தல்பத்ராம் வாழ்ந்த வீட்டின் இடத்துக்கு வரலாம். அவருடைய சிலை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். காலா ராம்ஜி கோயில், சமணக் கோயில், ஹர்குன்வர் சேட்டாணியின் ஹவேலி (பெரிய மாளிகை வீடு) என்று போய்க்கொண்டே இருக்கும். கணவர் ஹட்டீசிங் இறந்தபின் அவர் தொடங்கிய பளிங்குக் கோயிலை 1848-இல் கட்டி முடித்த பெண்மணி அந்தச் சேட்டாணி. அவர் வீட்டு மாடத்தின் கீழே வரிசையாக இருக்கும் போதிகைகளைப் பார்த்தபின் உங்கள் பயணிகள் சீக்கிரம் நகரமாட்டார்கள். அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையின் அருமை வெளிநாட்டுக்காரர்களுக்கு நம்மைவிட முன்பே தெரிந்திருக்கிறது. லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் 1881-இல் இங்கே மகன்பாய் ஹட்டீசிங்கோடு சேர்ந்து ஒரு மரச்செதுக்குப் பட்டறை நடத்தினார். அகமதாபாத் தச்சர்கள் செதுக்கிய பலகைகள் நியூயார்க்கில் அவருடைய வீட்டு முகப்பிலும், ஆண்ட்ரூ கார்னகி மாளிகையின் நூலக அறையிலும் ஏறின. குஜராத்தின் பாட்டன் ஊரில் இருந்த வாடி பார்சுவநாதர் கோயிலின் மரமண்டபம், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்தது, இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலுப்பூரில் இறங்கும் நம்மவர்களோ இதன் பக்கத்திலேயே வந்துவிட்டுப் பார்க்காமல் போகிறார்கள்.

அவசரம் ஏன் என்றும் சொல்ல வேண்டும். போள்களில் பூட்டிய வீடுகள் நிறையக் கண்ணில் படுகின்றன. பிள்ளைகள் மேற்குக் கரைக்குக் குடிபோய்விட்டார்கள். கார் நுழையாத சந்து, பங்காளிகளுக்குள் பாகம் பிரியாத சொத்து, ஒரு தூண் மாற்றவே ஆகும் செலவு. அப்புறம் பழம்பொருள் வியாபாரி வந்து கதவுக்கும் போதிகைக்கும் விலை பேசுகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் விலைக்கு நிற்பதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே கட்டாமல் விட்ட கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் வீட்டைப் பழுதுபார்க்க அகமதாபாத் மாநகராட்சி வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழுதுபார்த்த வீட்டில் யாராவது வாழ வேண்டும், அதிலிருந்து ஏதாவது வருமானம் வர வேண்டும். சில ஹவேலிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ஜனவரியில் உத்தராயணப் பட்டத் திருவிழாவின்போது மொட்டைமாடியை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் குடும்பங்களும் உண்டு. வருகிறவர்கள் இருந்தால் வீடு நிற்கும். அந்த வருகிறவர்களை அழைத்துவர உங்களால் முடியும்.

பஸ் உள்ளே போகாது என்பீர்கள். வேண்டாம், கோயில் அருகே இறக்கிவிட்டு, நடை முடியும் ஜும்மா மசூதிக்கு அருகே உள்ள மாணிக் சௌக் பக்கம் வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலும் அடுத்த போளும் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்காரட்டும், அதுவே அவர்களுக்கு நிறைவாக இருக்கும். சபர்மதி ஆசிரமத்தைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினால் நேரமும் கிடைத்துவிடும். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் உங்கள் டூர் மேனேஜருக்கு இந்தி தெரியும். நாற்பது பேரை ஒரே கூட்டமாக ஓட்டிக்கொண்டு போகாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். மைக் வேண்டாம். அது அருங்காட்சியகம் இல்லை, காலையில் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் வீடுகள். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். வழிகாட்டிக்கு நியாயமான கூலியும் கொடுங்கள்.

இன்னொன்று. அக்ஷர்தாம் போகும் வழியில் உங்களுக்குக் கூடுதல் செலவே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. காந்திநகரை ஒட்டிய பேத்தாப்பூர். துணியில் அச்சுக் குத்தும் மரக்கட்டைகளை இன்றும் அங்கே கையால் செதுக்குகிறார்கள். தேக்குக் கட்டையைத் தேய்த்துச் சமமாக்கி, வெள்ளை பூசி, வடிவம் வரைந்து, வில்லால் சுழற்றும் துளைப்பானால் குடைந்து, சிறு உளிகளால் நுணுக்கமாக வெட்டுகிறார்கள். ஒரே பூவுக்கு விளிம்புக்கு ஒரு கட்டை, உள்நிறத்துக்கு ஒரு கட்டை, பின்புலத்துக்கு ஒரு கட்டை. மூன்றும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கட்டைகளால் அச்சிட்ட துணி சயாம் (இன்றைய தாய்லாந்து) வரை போயிருக்கிறது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிறுத்துங்கள். பயணிகள் ஆளுக்கொரு சின்னக் கட்டை வாங்கினாலே அந்தப் பட்டறைக்கு அது நல்ல வியாபாரம்.

மதுரைச் சௌராஷ்டிரர் குடும்பங்கள் சோமநாதத்துக்கு ஆசையோடு போகின்றன. 2023 ஏப்ரலில் குஜராத்தில் நடந்த சௌராஷ்டிர தமிழ்ச் சங்கம விழாவுக்கு ரயில் ரயிலாகப் போய் வந்தார்கள். குஜராத்தோடு மொழித் தொடர்பு உள்ள அவர்களுக்காவது அங்குள்ள தெருக்களை நடந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் குளிர்காலத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் ஒரு வரி சேருங்கள்: அகமதாபாத், காலை 8 மணி, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயில், பழைய நகர நடை. அந்த வரி இருக்கும் டூரில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பயணி